வலி என்ன சொல்கிறது?



இப்போதெல்லாம் விடிகாலையில் எந்தத் தெருவில் பார்த்தாலும் நம் பெண்கள் நடக்கிறார்கள். சுடிதாரில் சிலர், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சிலர். மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் உண்டு. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் வரும் பெண் குதிக்கக் குதிக்கத் தானும் குதிக்கிறவர்கள் உண்டு. "சர்க்கரை எட்டிப் பார்க்குதும்மா, நடக்க ஆரம்பிங்க" என்று டாக்டர் சொன்னதால் ஆரம்பித்தவர்கள் பாதி. பிரசவத்துக்குப் பிறகு பழைய ஜாக்கெட் எதுவும் பத்தவில்லையே என்று ஆரம்பித்தவர்கள் பாதி. எப்படியோ ஆரம்பித்தார்களே, அதுவே பெரிய சந்தோஷம்!

ஆனால் மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். "என்னம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டால், "காலெல்லாம் ஒரே வலி, விட்டுட்டேன்" என்பார்கள் சிலர். இன்னும் சிலர் நொண்டி நொண்டி நடந்துகொண்டே, "பழகப் பழகச் சரியாப் போயிடும்" என்பார்கள். இரண்டு பேர் செய்வதும் சரியில்லை. முதலாமவர் சாதாரண வலியைக் காயம் என்று பயந்து, நல்ல பழக்கத்தை விட்டுவிடுகிறார். இரண்டாமவர் காயத்தைச் சாதாரண வலி என்று நினைத்து அதன்மேலேயே நடக்கிறார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் குறைந்துவிடும். அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

பயப்பட வேண்டாத வலி

தீபாவளிக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்கிறோமே, மறுநாள் காலையில் கையைத் தூக்க முடியாமல் ஒரு வலி வருமே, நினைவிருக்கிறதா? புதிதாகத் தேகப்பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கு வருவதும் அதே வலிதான். பழக்கமில்லாத வேலை செய்த தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு சேதம் ஏற்படுகிறது. உடம்பு அதைச் சரிசெய்து, முன்னைவிட உறுதியாக்குகிறது. அந்தச் சமயத்து வலி இது. லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டதால் வருகிறது என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஓரிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வரும் வலிக்கு அது காரணமில்லை.

இந்த வலியின் சுபாவம் என்ன? பயிற்சி செய்யும்போது வராது. மறுநாள் எட்டிப் பார்க்கும். இரண்டாம், மூன்றாம் நாள் ஜாஸ்தியாக இருக்கும். ஐந்தாறு நாளில் தானே போய்விடும். இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால் என்று இரண்டு பக்கமும் சமமாக வலிக்கும். "எங்கேம்மா வலி?" என்று கேட்டால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவோம். மெள்ள நாலடி நடந்தால் இளகிக் கொடுக்கும். படி ஏறுவதைவிட இறங்கும்போது தொடையில் நன்றாகத் தெரியும். உடம்பைத் தாங்கி மெள்ள இறக்கும் வேலைதான் தசைக்கு அதிகச் சிரமம்.

இதற்கு மருந்து வேண்டாம். வெந்நீரில் குளியுங்கள். லேசாக நடமாடுங்கள். பயிற்சியை விட்டுவிட வேண்டாம், ஒரு நாள் குறைவாகச் செய்தால் போதும்.

வலியிடம் ஐந்து கேள்வி

காயத்தினால் வரும் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தை அழுதால் பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம் அல்லவா? அதேபோல் வலியிடமும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எப்போது வந்தது? பயிற்சியின் நடுவிலேயே 'சுரீர்' என்று வந்ததா? ஏதோ அறுந்தாற்போல் 'டப்' என்று சத்தம் கேட்டதா?

இரண்டு: எங்கே வலிக்கிறது? ஒற்றை விரலால் தொட்டு "இதோ, இந்த இடம்" என்று காட்ட முடிகிறதா? அந்த இடம் எலும்பின் மேலோ மூட்டிலோ இருக்கிறதா?

மூன்று: ஒரு பக்கம் மட்டுமா?

நான்கு: நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா? ராத்திரி படுத்திருக்கும்போதுகூட வலிக்கிறதா?

ஐந்து: கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா? வீக்கம், சூடு, கன்றிப்போன நீலம், நொண்டல், மூட்டு மடங்காமல் பிடித்துக்கொள்வது, கால் வழுக்கி விடுவதுபோல் பலமிழப்பது?

இவற்றில் ஒன்றிரண்டுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இல்லை. அன்றைக்கே பயிற்சியை நிறுத்துங்கள்.

கீழேயிருந்து மேலே

முதலில் குதிகால். காலையில் படுக்கையை விட்டு எழுந்து தரையில் முதல் அடி வைக்கும்போது ஆணி குத்தினாற்போல் வலி. பத்தடி நடந்தால் குறைகிறது. வெகுநேரம் அடுப்படியில் நின்றால் மறுபடி வருகிறது. உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த பட்டைச் சவ்வு நைந்துபோவதால் வருவது இது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் காணப்படுவது. மொசைக் தரையிலும் சிமெண்டு மாடியிலும் வெறுங்காலோடு நடந்து பழகுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிடும் பயிற்சி நல்ல பலன் தரும். ஆனால் பொறுமை வேண்டும். இது குணமாக மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு. என் நாத்தனாருக்கு வயது 43. மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் தினமும் 10,000 அடி நடக்கச் சொன்னது. அதுவரை மூவாயிரம் அடிகூட நடக்காதவள், முதல் நாளிலிருந்தே மொட்டை மாடியில் பத்தாயிரம் நடந்தாள். மூன்றாவது வாரம் வலது காலில் அந்த எலும்பின் உள் ஓரம் நெடுக வலி. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. காரணம் கேட்டபோது அவள் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை: "வலிக்குதுன்னு சொன்னா அத்தை உடனே, 'இந்த வயசுல உனக்கு இதெல்லாம் எதுக்கு?'ன்னு நிறுத்திடுவாங்க அண்ணி. எனக்குன்னு கிடைச்சதே அந்த ஒரு மணி நேரம்தான்!"

அந்த ஒரு மணி நேரத்தை இழக்கக் கூடாதென்று அவள் மேலும் இரண்டு வாரம் நடந்தாள். நெடுக இருந்த வலி ஒரே புள்ளியில் வந்து நின்றது. ராத்திரியில் தூக்கம் போயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் எலும்பில் தலைமுடி அளவு விரிசல் என்று தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு. இரண்டு மாதம் அந்தக் காலுக்குப் பாரம் தரக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

எலும்பு ஏன் இப்படி விரிகிறது? பழைய சுவரைப் பலப்படுத்த வரும் கொத்தனார் என்ன செய்கிறார்? முதலில் உளுத்த செங்கல்லைப் பெயர்த்து எடுக்கிறார், பிறகுதான் புதுக் கல் வைத்துப் பூசுகிறார். எலும்பும் அப்படித்தான். புதிதாகப் பாரம் விழுந்தால் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பதற்குச் சில வாரம், கட்டி முடிக்கச் சில மாதம். நடுவில் இருக்கும் அந்தச் சமயத்தில் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சுவர் தாங்குமா? மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடுவதால், "எனக்கு நல்லாப் பழகிடுச்சு" என்று நாம் ஏமாந்துபோகிறோம். எலும்புக்கு அந்த வேகம் கிடையாது. மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குகிறவர்களும், சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பயிற்சி செய்கிறவர்களும் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது: எலும்பு நெடுக வலித்தால் நடையைக் குறையுங்கள். ஒரே புள்ளியில் வலித்தால் நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

கணுக்கால் பிசகினால் எலும்பு முறிவா, சுளுக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1992-ல் கனடா நாட்டின் ஆட்டவா நகர மருத்துவர்கள் இதற்கு ஒரு சுலபமான விதி வகுத்தார்கள். நம் வீட்டுக்கும் அது உதவும். பிசகிய காலை ஊன்றி நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முண்டின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் எலும்பிலேயே வலி இருந்தாலோ, எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் வெளி ஓரத்திலும் உள் ஓரத்திலும் நடுவில் துருத்தும் எலும்பு வலித்தாலும் அப்படியே.

முழங்கால் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது, சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழும்போது, குந்தி உட்காரும்போது அதிகமாகிறதா? உட்கார்ந்து எழும் பயிற்சியைக் கொஞ்ச நாள் பாதி ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மூட்டு வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது கால் மடங்கிப்போனால் காட்டியே ஆக வேண்டும்.

தோளைச் சோதிக்க நம் வீட்டு வேலையே போதும். பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பின்னல் போட முடிகிறதா? கொடியில் துணி போட முடிகிறதா? மேல் தட்டுப் பருப்பு டப்பாவை எடுக்க முடிகிறதா? முந்தின வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லை என்றால் சூரிய நமஸ்காரத்தையும் கை தூக்கும் பயிற்சியையும் நிறுத்துங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். உங்களுக்கு வலியே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து! காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்புக் கடித்த கொப்புளம்கூடத் தெரியாது. நடந்துவிட்டு வந்ததும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

இளம் தாய்மார்களுக்கு

பிரசவம் ஆனவுடன் குதிக்க ஆரம்பிக்காதீர்கள். உடம்பு ஒத்துக்கொள்ளும்போது மெள்ள நடக்கலாம். ஓட்டம், ஸ்கிப்பிங் எல்லாம் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகுதான். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

குதிக்கும்போது இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்தால், "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அடியிடுப்பைத் தாங்கும் தசைகள் இன்னும் தயாராகவில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி. சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி, சில விநாடி நிறுத்தி, விடும் பயிற்சி இதைப் பெரும்பாலும் சரியாக்கும். அதேபோல், மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் கூரைபோல் மேடு எழும்பினால், வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சி வேண்டாம். ஒரு பிஸியோதெரபிஸ்டிடம் காட்டிப் பொருத்தமான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் அதைப் பயிற்சி வலி என்று தேய்த்துவிடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடிபட்டவுடன் என்ன செய்வது?

நம் ஊரில் கால் பிசகினால் முதலில் தைலம், அடுத்து வெந்நீர், அப்புறம் 'சுளுக்கு எடுக்க' ஒருவர். முதல் இரண்டு நாள் இந்த மூன்றுமே கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் தேய்ப்பும் வீக்கத்தைக் கூட்டும். எலும்பில் விரிசல் இருந்து, அதைப் பிடித்து இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

1978-ல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நான்கு முறைகளைத் தம் புத்தகத்தில் சொன்னார். உலகம் முழுக்க அது பரவியது. 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். ஆகவே இன்றைய முறை இது: ஐஸை மெல்லிய துண்டில் சுற்றி, வலி குறைவதற்கு மட்டும் பத்து நிமிஷம் வைக்கலாம். நேராகத் தோல்மேல் வைக்கக் கூடாது. இறுக்காமல் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு, வலி அனுமதிக்கிற அளவுக்கு மெள்ள அசைக்க ஆரம்பியுங்கள். மாதக்கணக்கில் படுத்தே இருந்தால் மூட்டு இறுகிவிடும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடரவே கூடாது. புகை வந்தால் அடுப்பைப் பார்ப்போமா, மூக்கைப் பொத்திக்கொள்வோமா? தவிர, டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாதவை

நெஞ்சை அழுத்துவதுபோல் வலி, அது தோள், தாடை, முதுகு என்று பரவுவது, பழக்கமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, மயக்கம். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரலாம். "வாயு பிடிச்சிருக்கும்" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசை தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் தசை கரைகிறது என்று அர்த்தம். சிறுநீரகம் கெட்டுப்போகும். முதுகு வலியோடு இரண்டு காலும் மரத்து, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலும், பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் குதிகாலுக்கு மேல் சத்தம் கேட்டு முன்பாதத்தை ஊன்ற முடியாமல் போனாலும், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

எவ்வளவு போதும்?

என் நாத்தனாரை விரட்டிய அந்த 10,000 அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். விற்பனைக்காக வைத்த பெயரே தவிர, மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி. அதையும் துண்டு துண்டாகச் செய்யலாம். எதுவுமே செய்யாமலிருப்பதைவிடக் கொஞ்சம் செய்தாலும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது.

முதல் வாரம் உங்கள் வழக்கமான நடையை எண்ணிப் பாருங்கள். பிறகு வாரத்துக்கு ஐந்நூறோ ஆயிரமோ அடி மட்டும் கூட்டுங்கள். தூரம், வேகம், நாள் மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்ற வேண்டாம். காயத்துக்குப் பிறகு ஆரம்பிப்பவர்கள், வலியில்லாமல் படி ஏறி இறங்க முடிந்த பிறகு, விட்ட இடத்தில் இல்லாமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். கால் சரியில்லை என்றால் உட்கார்ந்தபடி கைக்குப் பயிற்சி செய்யலாமே! பழக்கம் விட்டுப்போகாது.

கடைசியாக ஒன்று. மருமகள்களே, வலியை மறைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே சொன்னால் ஒரு வாரக் குறைப்பில் போவது, மறைத்தால் இரண்டு மாதம் படுக்க வைக்கும். மாமியார்களே, மகன்களே, அவள் "வலிக்குது" என்றால் "நிறுத்திவிடு" என்று சொல்லாதீர்கள். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். காய் நறுக்க ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். குணமானதும் அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். என் நாத்தனார் இப்போது தினமும் நாலாயிரம் அடி நடக்கிறாள், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு. கூடவே அவள் மாமியாரும் நடக்கிறார்!